படகுக்கு ஊற்றும் போம்: குமிழ் வளர்வதைப் பார்ப்பதும் கணக்கிடுவதும்

பைபர் படகின் தளத்துக்கு அடியிலும் ஐஸ் பெட்டிச் சுவருக்குள்ளும் இரண்டு டின் திரவங்களைக் கலந்து ஊற்றுகிற பொலியூரிதேன் போம் (நுரை), தரவுத்தாளில் எழுதியிருக்கிறபடி மட்டக்களப்பில் எழும்புவதில்லை. வாழைச்சேனையில் காலை ஏழு மணிக்கு ஊற்றினால் ஒரு மாதிரி, கச்சான் வீசும் மத்தியானத்தில் வேறு மாதிரி, மார்கழி மழைக்குள் இன்னொரு மாதிரி. எத்தனை குமிழ் பிறந்தது, அவற்றுக்கு எவ்வளவு வாயு கிடைத்தது, சுவர் எப்போது இறுகியது என்ற மூன்றும்தான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. மூன்றையும் ஒரு போன், 0.1 கிராம் காட்டும் தராசு, ஓர் எக்செல் தாள் ஆகியவற்றை வைத்தே பிடித்துவிடலாம். படகுப் பட்டறைக்காரருக்கும், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் செயற்றிட்டம் செய்யும் மாணவருக்கும் இந்த முறை ஒன்றேதான்.

(ரெஜிபோம் என்ற வெள்ளைப் பொலிஸ்ரைரீன் பலகை மலிவாயிற்றே, அதை வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பொலியெஸ்ரர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். பைபர் வேலைக்குள் அது சரிவராது.)

முதலில் பாதுகாப்பு. கடுங்கபில நிறத் திரவம் உள்ள டின்தான் ஐசோசயனேற்று, மற்றது பொலியோல். எது ஏ, எது பீ என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆகவே எழுத்தை நம்பாமல் நிறத்தையும் லேபலையும் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் மூச்சுவழி ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே இழுப்பைக் கொண்டுவரும். நைற்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் கட்டாயம். ஐசோசயனேற்றில் டீடிஐ வகையை விட்டு எம்டிஐ வகையையே எடுங்கள், அதன் ஆவி மிகக் குறைவு. தண்ணீர் பட்டுவிட்ட ஐசோசயனேற்று டின்னை இறுக மூடவே வேண்டாம். உள்ளே காபனீரொட்சைட்டு சேர்ந்து டின் வெடிக்கலாம்.

சாமான்

கொள்கலத்தை நீங்களே செய்யுங்கள். ஓஎச்பி தாள் (ஒளிபுகும் பிளாஸ்ரிக் தாள்) ஒன்றின் 29.7 சென்ரிமீற்றர் பக்கத்தை வளைத்து, 1.4 சென்ரிமீற்றர் மேற்படிய வைத்து ஒட்டினால் 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, 21 சென்ரிமீற்றர் உயரமான குழாய் கிடைக்கும். அடியில் அட்டை வைத்து, பொருத்தை உட்புறமாகவும் டேப் போட்டு அடையுங்கள். சுருட்டும் முன் மில்லிமீற்றர் கோடுகளைத் தாளிலேயே லேசர் பிரின்டரில் அச்சடித்துவிட்டால் அளவுகோல் தனியாக வேண்டாம். இந்தக் குழாயில் 1 சென்ரிமீற்றர் உயரம் 64 மில்லிலீற்றர். சோடாப் போத்தல் வெப்பத்தில் வளைந்துவிடும். கண்ணாடி முகவையோ போமின் சூட்டை உறிஞ்சி ஓரத்தில் தடித்த தோலை உண்டாக்கும். மெல்லிய தாளில் இரண்டு தொல்லையும் இல்லை.

மற்றவை: கடதாசிக் கப், துளைகருவியில் மாட்டும் சிறிய கலக்கி, மின் பல்மானியோடு வரும் கே வகை வெப்பவிணை (வெப்பநிலை அளக்கும் கம்பி), போனில் கிளிப் பண்ணும் மெக்ரோ வில்லை, எல்ஈடி டோர்ச், சவர அலகு. படங்களை அளக்க இமேஜ்-ஜே என்ற இலவச மென்பொருள் போதும். பெருக்கிப் பார்க்கும்போது ஒரு படப்புள்ளி எத்தனை மைக்ரோமீற்றர் என்பதை, அதே தூரத்தில் ஓர் அடிமட்டத்தைப் படமெடுத்து முதலில் அளந்து வையுங்கள். அது 5 மைக்ரோமீற்றர் என்றால், 20 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த விட்டத்தை நம்ப வேண்டாம்.

டின்னின் வெப்பநிலையும் ஈரமும்

தரவுத்தாளின் நேரங்கள் பெரும்பாலும் 20 அல்லது 25 பாகை செல்சியசுக்கானவை. பத்துப் பாகை கூடினால் தாக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது கைக்கணக்கு. 25 பாகையில் 35 செக்கனில் பால்போல வெளிறத் தொடங்கும் கலவை, 33 பாகை டின்னில் 20 செக்கனிலேயே வெளிறும். கலக்கி முடித்து ஊற்றுவதற்குள் நேரம் போய்விடும். நுரைக்க வைக்கும் எச்சிஎப்சி-141பி என்ற திரவம் கலந்த பழைய வகை கையில் இருந்தால் இன்னும் மோசம். அந்தத் திரவம் 32 பாகையிலேயே கொதிக்கும், மூடியைத் திறந்ததுமே நுரைக்கும்.

அதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். நம் கரையோரக் காற்றின் பனிபடுநிலை பெரும்பாலும் 24, 25 பாகையை ஒட்டியே நிற்கும். அதற்குக் கீழே குளிர்ந்த டின்னைத் திறந்தால் திரவத்தின் மேலேயே ஈரம் படியும். மூடிய டின்களைக் கிணற்று நீர் வாளியில் ஒரு மணித்தியாலம் வைத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறப்பதே சரியான வழி. இரு திரவங்களின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை குறிக்காத ஊற்று கணக்குக்கு உதவாது.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிலேயே பாருங்கள். நீர் ஐசோசயனேற்றோடு தாக்கம் புரிந்து காபனீரொட்சைட்டைத் தருகிறது: 18 கிராம் நீருக்கு ஒரு மோல் வாயு. 30 பாகையில் 1 கிராம் நீருக்கு 1.38 லீற்றர், போமின் நடு 120 பாகைக்கு ஏறும்போது அதே வாயு 1.79 லீற்றர். ஒரு துளி நீர் சுமார் 0.05 கிராம், அது கப்பில் கிடந்தால் 90 மில்லிலீற்றர் சூடான வாயு. நாம் செய்யப்போகும் 1 லீற்றர் போமில் அது 9 சதவீதம். இன்னொரு பக்கத்தில், 1 கிராம் நீர் ஏறக்குறைய 15 கிராம் ஐசோசயனேற்றைத் தின்றுவிடும். ஆகவே ஈரம் பிடித்த பொலியோல் உயரமாக எழும்பும், ஆனால் விரலால் அமுக்கினால் பதியும். உயரத்தை மட்டும் பார்த்து நல்ல போம் என்று முடிவெடுப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஊற்றிப் பார்ப்பது

1. குழாயின் நடுவில், அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில் வெப்பவிணையின் முனை நிற்கும்படி கம்பியைக் கட்டுங்கள். முனை போமுக்குள்ளேயே சிக்கிவிடும், மலிவானதை எடுங்கள்.

2. இரண்டு போன் இருந்தால் ஒன்று முழுக் குழாயையும், மற்றது மெக்ரோ வில்லையோடு அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு சின்னப் பகுதியையும் படம் பிடிக்கட்டும். திரையை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் போம் வெளிறும் அந்த முக்கியமான நேரத்தில் போன் தானாக வெளிச்சத்தை மாற்றி, படத்தைக் கெடுக்கும். டோர்ச் பக்கவாட்டில் 45 பாகை சாய்வில் இருக்கட்டும்.

3. தரவுத்தாளின் விகிதத்தில் மொத்தம் 50 கிராம் நிறுங்கள். விகிதம் திணிவிலா கனவளவிலா என்று கவனியுங்கள். நிமிடத்துக்கு 1000 முதல் 2000 சுற்றில் 10 செக்கன் கலக்குங்கள். கலக்கி தொட்ட கணமே நேரம் பூச்சியம்.

4. குழாயில் சுமார் 40 கிராம் ஊற்றிவிட்டுக் கப்பைத் திரும்ப நிறுத்து, ஊற்றியது சரியாக எவ்வளவு என்று எழுதுங்கள்.

5. வெளிறத் தொடங்கும் நேரம், குச்சியால் தொட்டால் நூல் இழுக்கும் நேரம், எழும்பி நிற்கும் நேரம், ஒட்டாமல் போகும் நேரம் ஆகிய நான்கையும் குறியுங்கள். ஒளிப்பதிவை 10 நிமிடம் ஓட விடுங்கள்.

அதே கலவையைக் கையால் குச்சி கொண்டு 20 செக்கன் கலக்கி இன்னொரு குழாயில் ஊற்றுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் மீதிக் கணக்குக்குப் பொருளில்லை.

பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. போம் வெளிறியதும் ஒளி உள்ளே போகாது, நீங்கள் காண்பது சுவரோரக் குமிழ்கள் மட்டுமே. அவை உள்ளே இருப்பவற்றைவிடச் சற்றுப் பெரிதாகவோ தட்டையாகவோ இருக்கலாம். குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்வதைத் தெளிவாகக் காண வேண்டுமானால், இரண்டு நுணுக்குக்காட்டி வழுக்கிகளுக்கு நடுவே 0.40 மில்லிமீற்றர் தங்கூசித் (நைலோன் தூண்டில் நூல்) துண்டு இரண்டை வைத்து, இடையில் ஒரு துளி கலவையை விட்டு அமர்த்துங்கள். விட்டம் உருளையிலேயே அச்சிட்டிருப்பதால் இடைவெளி சரியாகத் தெரியும். ஆனால் அந்த மெல்லிய படையில் சூடு நிற்காது, தாக்கம் மெதுவாகப் போகும். குமிழின் விட்டம் 0.40ஐத் தாண்டியதும் அது அப்பளம்போலத் தட்டையாகிவிடும். வளர்ச்சி வீதத்தை இங்கிருந்து எடுக்காதீர்கள், சேர்க்கையை மட்டும் பாருங்கள்.

குமிழை எண்ணுவது

ஒரு நாள் கழித்துக் குழாயைக் கிழித்து, நடுத்துண்டைச் சவர அலகால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் கறுப்பு மார்க்கரை மெல்லத் தேய்த்தால் சுவர்கள் தெரியும். 10 மில்லிமீற்றர் நேர்கோடு போட்டு, அது கடக்கும் அறைகளை (இறுகிய குமிழ்களை) எண்ணுங்கள். 50 அறை என்றால் சராசரி வெட்டுநீளம் 0.2 மில்லிமீற்றர். கோடு எல்லா அறையையும் நடுவால் வெட்டாது, ஆகவே 0.616ஆல் வகுக்க வேண்டும்: விட்டம் 0.32. எழும்பும் திசையிலும் குறுக்கிலும் தனித்தனியே எண்ணுங்கள், எழும்பும் திசையில் அறைகள் நீண்டிருப்பது வழக்கம்.

இனி எண்ணிக்கை. 40 கிராம் கலவை 1 லீற்றராகியிருக்கிறது, அடர்த்தி கனமீற்றருக்கு 40 கிலோ. திரவமாக அது 35 மில்லிலீற்றர், மீதி 965 மில்லிலீற்றர் வாயு. அறை விட்டத்தை 0.3 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஓர் அறையின் கனவளவு 0.0141 கன மில்லிமீற்றர். வகுத்தால் 6.8 கோடி குமிழ்கள், திரவத்தின் ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் ஏறத்தாழ 20 இலட்சம்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தன? தாக்கத்தில் வரும் காபனீரொட்சைட்டு புதிதாகக் குமிழ் பிறப்பிப்பது மிக அரிது. கலக்கும்போது அடைபட்ட காற்றுத் துணிக்கைகளுக்குள்ளேயே அது போய்ச் சேர்கிறது. கானர், டெக்கர் என்ற ஆய்வாளர்கள் 1969இல் இதை எழுதினார்கள். ஆகவே அறையின் பருமனைத் தீர்மானிப்பது கலக்கிய அந்தப் பத்துச் செக்கன்தான். கைக்கலவையில் எண்ணிக்கை எட்டில் ஒன்றானால், அதே வாயுவுக்கு விட்டம் இரண்டு மடங்காகி 0.6 மில்லிமீற்றர் ஆகும். உங்கள் இரண்டு குழாய்களையும் வெட்டி எண்ணிப் பாருங்கள்.

சமன்பாட்டுக்கு முன் மூன்று நேரங்கள்

குமிழ் வளர்ச்சிக்கு மாதிரி எழுத உட்காருபவர்கள் நேரே வகையீட்டுச் சமன்பாட்டுக்குப் பாய்கிறார்கள். அதற்கு முன் எது மெதுவானது என்று பாருங்கள். மெதுவானதுதான் வளர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும், மற்றவற்றை விட்டுவிடலாம்.

வாயு உண்டாகும் நேரம்: வெளிறுவதிலிருந்து எழும்பி நிற்கும் வரை. நம் வகைப் போமுக்கு ஒரு நிமிடத்தைச் சுற்றி.

பரவல் நேரம்: வாயு திரவத்திலிருந்து பக்கத்துக் குமிழுக்குப் போய்ச் சேரும் நேரம். மில்லிலீற்றருக்கு 20 இலட்சம் குமிழ் என்றால் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே சுமார் 80 மைக்ரோமீற்றர், அதில் பாதி 40. தூரத்தின் வர்க்கத்தைப் பரவல் குணகத்தால் வகுக்க வேண்டும். குணகத்தைச் செக்கனுக்கு 0.001 சதுர மில்லிமீற்றர் என்று வைத்தால் 1.6 செக்கன்.

பாகுநிலை நேரம்: 4 × பாகுநிலை ÷ மிகை அமுக்கம். தொடக்கக் கலவையின் பாகுநிலை 1 பஸ்கால்-செக்கன், மிகை அமுக்கம் 2000 பஸ்கால் என்றால் 2 மில்லிசெக்கன்.

ஆக, ஒரு நிமிடத்துக்கு முன்னால் 1.6 செக்கனும் 2 மில்லிசெக்கனும் ஒன்றுமில்லை. போம் இறுகும் வரை குமிழின் பருமன், உண்டான வாயுவைக் குமிழ் எண்ணிக்கையால் பங்கிட்டதே. பாகுநிலை நேரம் 10 செக்கனைத் தொட, பாகுநிலை 5000 பஸ்கால்-செக்கனுக்கு ஏற வேண்டும். அது நூல் இழுக்கும் கட்டம். அப்போதுதான் பாகுநிலை கணக்குக்குள் வருகிறது. கலக்கல் மிக மோசமாகி எண்ணிக்கை 64இல் ஒன்றானால் இடைவெளி நான்கு மடங்கு, பரவல் நேரம் 16 மடங்காகி 26 செக்கன். அங்கே பரவலை ஒதுக்க முடியாது. திரவத்துக்குள் வாயு மிகையாகத் தேங்கி, இருக்கும் சில குமிழ்கள் ஊதிப் பெருக்கும்.

எக்செல் தாள்

நிரல்கள் இவை: நேரம்; உயரம்; மொத்தக் கனவளவு (உயரம் × 64); வாயுக் கனவளவு (மொத்தம் − 35); நடு வெப்பநிலை; வாயு மோல்; கணித்த ஆரை; அளந்த ஆரை.

வாயு மோல் = 101325 × வாயுக் கனவளவு ÷ (8.314 × (வெப்பநிலை + 273)). கனவளவைக் கனமீற்றரில் இடுங்கள்.

கணித்த ஆரை = (3 × வாயுக் கனவளவு ÷ (4 × 3.1416 × எண்ணிக்கை)) என்பதன் கனமூலம்.

தொடக்கம் முதல் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு வரிசை. மோல் நிரலை வரைபாக்கினால் வாயு உண்மையில் எப்போது உண்டானது என்று தெரியும். உயரம் மட்டும் இதைக் காட்டாது, பின்பகுதி உயர்வில் கணிசமான பங்கு சூட்டில் விரிந்த வாயுதான்.

ஆரை நிரல் சொல்லும் செய்தி சற்று வியப்பானது. 10 மில்லிலீற்றர் வாயு வந்தபோது குழாயில் மட்டம் 1.6 மில்லிமீற்றர்தான் ஏறியிருக்கும், கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆரையோ அதற்குள் 33 மைக்ரோமீற்றர். 100 மில்லிலீற்றரில் 70, முடிவில் 150. வாயு எட்டு மடங்கானால்தான் ஆரை இரண்டு மடங்கு. ஆகவே மெக்ரோ ஒளிப்பதிவின் முதல் சில செக்கன்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அளக்க வேண்டியவை அங்கே குவிந்திருக்கின்றன.

கடைசி இரண்டு நிரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். எண்ணிக்கையை முடிந்த போமிலிருந்து எடுத்ததால் இரண்டும் இறுதியில் பொருந்த வேண்டும். நடுவழியில் அளந்தது கணித்ததைவிடச் சிறிதாக இருந்தால், அப்போது குமிழ்கள் இறுதியில் இருந்ததைவிட அதிகம், பிறகு சேர்ந்து குறைந்துவிட்டன என்று பொருள். கணித்ததை அளந்ததால் வகுத்து வரும் விகிதத்தின் கனம்தான் அப்போது எத்தனை மடங்கு குமிழ் இருந்தது என்பது: கணித்தது 100, அளந்தது 80 என்றால் அந்த நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு குமிழ்கள் இருந்திருக்கின்றன. சுவர்ப் படத்தின் வழுவை நினைத்து, 10 சதவீதத்துக்குள் வரும் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

எண்ணிக்கை ஏன் குறைகிறது? குமிழுக்குள் மிகை அமுக்கம் = 2 × மேற்பரப்பு இழுவிசை ÷ ஆரை. குமிழ்ச் சுவர் கிழியாமல் காக்கும் சிலிக்கோன் சேர்ந்த கலவைக்கு இழுவிசை மீற்றருக்கு 0.025 நியூற்றன் அளவில் இருக்கும். 10 மைக்ரோமீற்றர் குமிழில் 5000 பஸ்கால், 150இல் 333 மட்டும். அமுக்கம் கூடிய சின்னதிலிருந்து வாயு பெரியதற்குப் பரவிப் போய்ச் சின்னது மறைகிறது. வெளிறத் தொடங்கும் வரை கலவை எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழப்பு. பிறகு குமிழ்கள் நெருங்கும்போது நடுச்சுவர் கிழிந்து சேர்வது இன்னொரு வழி. சிலிக்கோன் இல்லாமலோ பழுதாகியோ இருந்தால் அது கட்டுக்கடங்காது.

பெரிய சமன்பாடு எப்போது

இறுகும் கட்டத்தையும் பார்க்க வேண்டுமானால்:

ஆரை மாறும் வீதம் = ஆரை × (குமிழ் அமுக்கம் − வெளி அமுக்கம் − 2 × இழுவிசை ÷ ஆரை) ÷ (4 × பாகுநிலை)

இது தனிக் குமிழுக்கு. நெருங்கிய குமிழ்களுக்கு அமொன், டென்சன் என்ற ஆய்வாளர்கள் 1984இல் கொடுத்த கோளக்கூட்டு மாதிரியில், வலப்பக்கத்தை (1 − ஆரையின் கனம் ÷ கூட்டு ஆரையின் கனம்) என்பதால் மேலும் வகுக்க வேண்டும். கூட்டு ஆரை என்பது குமிழையும் அதைச் சுற்றிய திரவப் படையையும் சேர்த்த கோளத்தின் ஆரை.

இதை எக்செலில் 1 செக்கன் படியில் போட்டால் இரண்டாம் வரிசையிலேயே எண்கள் வெடிக்கும். படி பாகுநிலை நேரத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 2 மில்லிசெக்கன் என்றால் 90 செக்கனுக்கு 45,000 வரிசைக்கு மேல். இறுகும் வரை மேலே சொன்ன பங்கீட்டுக் கணக்கையே ஓட்டி, பாகுநிலை நேரம் 1 செக்கனைத் தாண்டும் இடத்தில் இந்தச் சமன்பாட்டுக்கு மாறி, 0.1 செக்கன் படி வையுங்கள். உருகிய பிளாஸ்ரிக்கை அமுக்கத்தில் தள்ளி நுரைக்க வைக்கும் தொழிற்சாலை வேலையில் நிலைமை வேறு. அங்கே பாகுநிலை தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கில், முதல் கணத்திலிருந்தே முழுச் சமன்பாடும் வேண்டும்.

எது கெட்டால் எங்கே தெரியும்

எழும்பிப் பிறகு அமர்ந்தால்: உயரத்தோடு மோல் நிரலும் இறங்கும். வாயு வந்த வேகத்துக்குச் சுவர் இறுகவில்லை. விகிதப் பிழை, பழைய பொலியோல், சிலிக்கோன் பழுது என்ற வரிசையில் தேடுங்கள்.

அடியில் பெரிய ஓட்டைகள், மேலே நேர்த்தி: கலக்கும்போது கப்பின் மூலையைச் சுரண்டாமல் விட்டு, கடைசி வரை ஊற்றியிருக்கிறீர்கள். கலவாத மிச்சம் கப்பிலேயே இருக்கட்டும்.

நடுவில் மஞ்சளாகக் கருகி வெடிப்பு: ஒரே தடவையில் தடித்து ஊற்றியது. போம் தன் சூட்டைத் தானே அடைத்து வைத்துக்கொள்ளும், பெரிய திணிவு புகைந்து தீப்பிடிக்கவும் கூடும். படகின் அறைக்குள் தரவுத்தாள் சொல்லும் தடிப்புக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றி, ஒவ்வோர் அடுக்கும் ஆறிய பிறகே அடுத்ததை ஊற்றுங்கள். கழிவுப் போமையும் வெளியில் ஆறவிட்டே குப்பையில் போடுங்கள்.

அன்று நன்றாக இருந்து மறுநாள் சுருங்கினால்: அறைகள் மூடியிருக்கின்றன, உள்ளிருக்கும் காபனீரொட்சைட்டு சுவரூடாக வெளியேறும் வேகத்துக்குக் காற்று உள்ளே வரவில்லை. சூடு ஆறியதிலும் அமுக்கம் குறைந்திருக்கும். சுவருக்குப் பலம் போதாவிட்டால் வெளியமுக்கம் அதை நசுக்கும். ஈரத்தால் அளவுக்கு மேல் எழும்பிய இலேசான போமில் இது அடிக்கடி வரும். 24 மணித்தியாலம் கழித்தும் ஏழு நாள் கழித்தும் துண்டின் நீள அகல உயரத்தை அளந்து, அதே எக்செல் தாளில் ஊற்றிய நாளின் திரவ வெப்பநிலைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். படகுக்குள் பூட்டிய போமில் இந்தச் சுருக்கம் பைபர் சுவரிலிருந்து விலகிய இடைவெளியாக வரும், அதற்குள்தான் உப்புத் தண்ணீர் தேங்கும்.